அட்லாண்டிக்கைத் தாண்ட யார் காசு கொடுக்கிறார்கள்?

ஸ்காலர்ஷிப் அறிவிப்பு எதைப் பார்த்தாலும் நம் கண் முதலில் தொகைக்குப் போகும். அடுத்து கடைசித் தேதிக்கு. இதில் தப்பொன்றும் இல்லை, வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் மூன்றாவதாக இன்னொன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? கொடுப்பவர் நினைத்தால் நடுவில் நிறுத்த முடியுமா?

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பத்திரிகையாளர்களையும் வரலாற்று ஆய்வாளர்களையும் அனுப்பி வைக்கும் உதவித்தொகைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

ஃபுல்பிரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் லாரிகளும் தளவாடங்களும் பல நாடுகளில் அப்படியே கிடந்தன. அங்கேயே விற்றுவிடலாம் என்றால் வாங்குகிற நாடுகளிடம் டாலர் இல்லை. செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் ஒரு வழி சொன்னார்: அவர்கள் தங்கள் நாட்டுப் பணத்திலேயே கொடுக்கட்டும், அதை வைத்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் அங்கும் இங்கும் அனுப்புவோம். 1946-ல் அது சட்டமானது. போரில் மிஞ்சிய பழைய சாமான் படிப்புச் செலவாக மாறிவிட்டது!

அடுத்த கதை எனக்கு இன்னும் பிடித்தது. 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில் ஜார்ஜ் மார்ஷல் பேசிய பேச்சிலிருந்து பிறந்ததுதான் மார்ஷல் திட்டம். சுமார் 1,300 கோடி டாலர் ஐரோப்பாவுக்குப் போனது. சரியாக 25 வருடம் கழித்து அதே ஹார்வர்டில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வந்து நின்றார். நன்றிக்கடனாக 15 கோடி மார்க் தருவதாக அறிவித்தார், 15 வருடத்தில் பிரித்துக் கொடுப்பதாக. அப்படிப் பிறந்ததுதான் ஜெர்மன் மார்ஷல் ஃபண்ட். பெயரில் மட்டும்தான் ஜெர்மன். அது ஓர் அமெரிக்க நிறுவனம். யாருக்குக் கொடுப்பது என்பதில் ஜெர்மன் அரசு தலையிடாது என்பதுதான் ஏற்பாடு.

வெறும் தாராள மனசு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் கவனம் வியட்நாமில் இருந்த காலம் அது. ஐரோப்பாவை மறந்துவிடாதீர்கள் என்ற நினைவூட்டலும் அதில் உண்டு. இருந்தாலும் கொடுத்த கையே கடிவாளத்தையும் பிடிக்கவில்லையே, அதுதான் பெரிசு.

சின்ன உதவிகளும் இருக்கின்றன. 1988-ல் தொடங்கிய ஆர்தர் பர்ன்ஸ் ஃபெலோஷிப் இளம் பத்திரிகையாளர்களைச் சுமார் இரண்டு மாதம் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு செய்தி அறையில் வேலை செய்ய வைக்கிறது (அமெரிக்கா, கனடா, ஜெர்மனிக்காரர்களுக்கு மட்டும், நாம் வேடிக்கை பார்க்கலாம்). மிசௌரி மாநிலத்தில் ட்ரூமன் நூலகத்துக்கு வந்து ஆவணம் பார்க்கிற ஆய்வாளர்களுக்குப் பயணச் செலவுக்கென்று ஒரு நிதி உண்டு. மார்ஷல் திட்டத்தின் காகிதங்களைத் தேடுகிறவர் போக வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செய்திக் கட்டுரை சில வாரங்களில் முடிந்துவிடும். வரலாற்று ஆய்வு அப்படியில்லை, வருடக்கணக்கில் இழுக்கும். நடுவில் காசு நின்றால் பாதிப் பெட்டிகள் திறக்கப்படாமலே கிடக்கும். ஃபுல்பிரைட்டின் பெரும்பங்கு இன்று அமெரிக்க அரசின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. 2025 ஜூனில் அதன் வாரிய உறுப்பினர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ராஜினாமா செய்தார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களில் பலரை அரசு மறுத்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். படிப்பையும் தகுதியையும் பார்த்துத் தேர்வானவர்கள், ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டும் நேரத்தில் இப்படி!

அரசுக் காசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1972-ல் பிராண்ட் கொடுத்ததும் அரசுக் காசுதான். பல வருடங்களுக்கு முன்கூட்டியே உறுதி சொல்லிவிட்டு, தேர்வைப் பிறர் கையில் விட்டார் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் விண்ணப்பம் போடும் நண்பர்களே, தொகையைப் பார்த்த கையோடு இதையும் பாருங்கள். தேர்வு செய்வது யார்? நிதி வருடா வருடம் ஒதுக்குவதா, ஏற்கெனவே போட்டு வைத்ததா? கொடுத்தவருக்குப் பிடிக்காத உண்மையை நீங்கள் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு அறிவிப்பில் பதில் இருக்காது. முன்பு அதை வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தால் தெரிந்துவிடும்.