சுமையை இறக்கினால் போதுமா?

காஞ்சன்பாக் அடங்கிக் கிடக்கும் இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மாள் எழுந்து ஹாலில் நடக்கத் தொடங்குவார். ஒரு வருடமாக இதுதான் வழக்கம். வயது 58. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு உரசுமே, இடுப்புக்கு வெளியே துருத்தி நிற்கும் அந்த எலும்பு, அங்கேதான் வலி. இடது பக்கம் படுத்தால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருக்கும். வலது பக்கம் புரண்டாலும் நிம்மதி கிடையாது. மேலே இருக்கும் இடது கால் முன்னால் சரிந்து அதே இடத்தை இழுக்கும். அங்கிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்கால் வரை ஒரு கோடு போட்டது போல வலி இறங்கும்.

அவருடைய கணவர் 1986இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத் வந்தவர். காஞ்சன்பாக்கில் இருக்கும் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஏவுகணை விவகாரத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. எந்த உறுப்பானாலும் பலம் குறையாமல் எடையைக் குறைக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அதையே செய்தவருக்கு, வீட்டிலும் அதே புத்திதான் வந்தது. மனைவியின் காலுக்கு வலி என்றால் மனைவியின் சுமையைக் குறைக்க வேண்டும்.

அப்படி அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. காஞ்சன்பாக் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதைகளில் ஒன்று ஏவுகணை பற்றியதல்ல, கால் பற்றியது. ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் 1982இல் இங்கே பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். அவரது ஆய்வுக்கூடத்துக்கு ஒருநாள் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். அங்கிருந்த எடை குறைந்த பொருள் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாமைத் தன் மருத்துவமனைக்கே அழைத்துப் போனார். அங்கே சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பர்களை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் காலிப்பர் தயாரானது. குழந்தைகள் ஓடிய காட்சியைத் தன் வாழ்வின் பேரானந்தங்களில் ஒன்று என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2015இல் அவர் மறைந்த பிறகு அந்த ஏவுகணை வளாகத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

இந்தக் கதையை நம்பியே கணவர் காரியத்தில் இறங்கினார். குடிதண்ணீர் கேனைத் தூக்கக் கூடாது. மாடியில் துணி உலர்த்தப் போகக் கூடாது. பாத்திரம் தேய்க்க ஆள் வந்தாயிற்று. கோயிலுக்கு நடையாகப் போவது நின்று, ஆட்டோ ஆனது. மனைவி எழுந்தால் “நீ உட்காரு” என்பார். அன்புதான். ஆனால் ஆறு மாதத்தில் அந்த அம்மாளுக்கு ஒன்று புரிந்தது. வலி குறையவில்லை. முன்பு சாதாரணமாக ஏறிய எட்டுப் படி இப்போது மலையாகிவிட்டது. தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுவதற்கு இரண்டு கையும் ஊன்ற வேண்டியிருந்தது.

இதற்கிடையே வைத்தியங்கள் நடக்காமல் இல்லை. ஒரு மருத்துவர் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார். ஸ்கேனில் லேசான புடைப்பு தெரிந்தது உண்மை. அந்த வயதில், வலியே இல்லாதவர்கள் பலருக்கும் அது தெரியும். இன்னொருவர் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று சந்தேகப்பட்டு, பின்னாளில் மாற்று மூட்டு வைக்க வேண்டிவரலாம் என்றார். பக்கத்திலேயே இருக்கும் மிதானி ஆலை டைட்டானியத்துக்குப் பேர்போனது. “உனக்கு வேண்டிய உலோகம் நம்ம தெருக்கோடியிலேயே கிடைக்கும்” என்று கணவர் சிரிக்க முயன்றார். அம்மாள் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயில் மூட்டு நன்றாகவே இருந்தது. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டுப் பார்த்தார்கள். ஆறு வாரம் நல்ல தூக்கம். ஏழாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. பக்கத்து வீட்டம்மா சொன்ன தைலமும் ஒத்தடமும் தடவும் நேரத்துக்கு இதமாக இருந்தன. டெலிபோனில் பார்த்த யாரோ ஒருவர் சொன்னபடி, காலைக் குறுக்கே போட்டு மார்புப் பக்கம் இழுத்துச் செய்த பயிற்சி மட்டும் வலியை அதிகமாக்கியது.

கடைசியில் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் பெண்தான் வேறு மாதிரிக் கேள்வி கேட்டார். “மெட்டி போட்டுக்க முடியுதா ஆன்ட்டி?” முடிகிறது, பாதத்தை மடியில் வைத்து மெட்டியைச் சரிசெய்ய எந்தச் சிரமமும் இல்லை. இடுப்பு மூட்டே பழுதென்றால் முதலில் அதுதான் கஷ்டமாகியிருக்கும். வலியும் பெரும்பாலும் கவட்டிப் பக்கம்தான் இருக்கும். கால் மரத்துப் போகிறதா, பாதம் வரை சுரீர் என்று இறங்குகிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் முதுகு நரம்பின் மேல் சந்தேகம் குறைகிறது. பிறகு இடது காலில் மட்டும் 30 வினாடி நிற்கச் சொன்னார். பன்னிரண்டாவது வினாடியில் அந்தப் பழைய வலி அதே இடத்தில் வந்து நின்றது.

வெகு காலம் வரை இந்த வலியை, எலும்புக்கு மேல் இருக்கும் நீர்ப்பையின் அழற்சி என்றுதான் சொல்லி வந்தார்கள். ஸ்கேன் வசதிகள் வளர்ந்த பிறகு தெரிந்தது வேறு. பெரும்பாலானவர்களுக்குப் பிட்டத்துப் பக்கத் தசைகளை தொடையெலும்பின் மேல்முனையோடு கட்டியிருக்கும் தசைநாண்தான் நலிந்திருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம்.

அந்தத் தசைநாணின் வேலை என்ன என்பதை அன்று மாலை கணவரே ஒரு நோட்டில் வரைந்து பார்த்தார். அந்தக் காலத்துக் கடைகளில் வெள்ளிக்கோல் என்ற ஒற்றைத் தட்டுத் தராசு இருக்கும். நீண்ட பக்கம் சின்ன எடை, குட்டைப் பக்கம் பெரிய எடை. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பும் அதே தராசுதான். மூட்டிலிருந்து தள்ளி, நீண்ட பக்கத்தில் உடம்பின் பாரம். குட்டைப் பக்கத்தில் இந்தத் தசை. இடுப்பு சரியாமல் நிற்க வேண்டுமானால் தசை உடல் எடையை விட அதிகமாக இழுத்தாக வேண்டும். மூட்டின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். கைத்தடியை வலிக்கும் பக்கத்தில் பிடிக்காமல் எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதற்கும் இந்தத் தராசுதான் காரணம்.

அடுத்தது, நசுங்கல். கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகும்போது, தொடையின் வெளிப்புறப் பட்டை அந்தத் தசைநாணை எலும்போடு வைத்து அழுத்துகிறது. கால்மேல் கால் போட்டு உட்காருவது, தரையில் கால்களை ஒரே பக்கமாக மடித்து உட்காருவது, அடுப்படியில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பை வெட்டி நிற்பது எல்லாம் இதில் சேரும். குறுக்கே இழுக்கும் அந்தப் பயிற்சி வலியைக் கூட்டியதும் இதனால்தான்.

முதல் வாரம் வைத்தியம் இவ்வளவுதான். இரண்டு காலிலும் சமமாக நிற்பது. கால்மேல் கால் போடாதது. வலிக்காத பக்கமாகப் படுத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கனத்த தலையணை. பத்தாம் நாள் அம்மாள் இரவு முழுவதும் தூங்கினார்.

இரண்டாவது பாகம்தான் வீட்டில் சண்டையைக் கொண்டுவந்தது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது, சுவர் ஓரம் பக்கவாட்டில் அடி வைப்பது என்று பயிற்சிகள் படிப்படியாகக் கடினமாயின. செய்யும்போது கொஞ்சம் வலித்தது. கணவர் பதறினார்.

“வலிக்குதுன்னா நிறுத்திடு. இருக்கிற பாரம் போதாதா?”

“லேசா வலிச்சா தப்பில்லையாங்க. மறுநாள் காலையில பழையபடி அடங்கிட்டாப் போதுமாம். அடங்கலைன்னா அளவைக் குறைக்கணும், நிறுத்தக் கூடாது.”

இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதே கோளாறு கொண்ட 204 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரம் கழித்து, உடற்பயிற்சியோடு நிற்கும் உட்காரும் முறையையும் கற்றுக்கொண்டவர்களில் சுமார் 77 சதவீதம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58 சதவீதம், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 29 சதவீதம். ஒரு வருடம் கழித்தும் பயிற்சிக்காரர்களே முன்னால் இருந்தார்கள்.

கணவருக்குப் புள்ளிவிவரத்தை விடத் தன் தொழில்தான் விளக்கம் தந்தது. உலோகத்தில் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றினால் அது களைத்து ஒருநாள் விரிசல் விடும். அங்கே பாரத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். தசைநாண் உயிருள்ளது. அளவோடு பாரம் கொடுத்து, ஆறுவதற்கு நேரமும் கொடுத்தால் அது பலப்படும். பாரமே கொடுக்காவிட்டால் இன்னும் நலியும். போலியோவால் தசை செயலிழந்த குழந்தைகளுக்குச் சுமையை இறக்கியதுதான் சரி. 2014இல் போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்ற இந்தியாவில், அந்தக் காலிப்பர் ஒரு தலைமுறையின் நினைவு. ஆனால் அதே மருந்தைத் தசை வேலை செய்யும் மனைவிக்கும் கொடுத்ததுதான் பிசகு. இறக்கி வைத்த சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லா இடுப்பு வலியும் இந்த ரகமல்ல. விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைத்து வரும் வலி, கால் மரத்துப் போவது அல்லது பலம் இழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது - இவற்றில் எது இருந்தாலும் தலையணையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாளுக்கு ஐந்து மாதம் ஆனது. வலி முழுக்கப் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. நெடுநேரம் நின்றால் அது எட்டிப் பார்க்கும். ஆனால் தண்ணீர்க் கேனைத் தவிர வீட்டு வேலையில் பெரும்பகுதி மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது. கோயிலுக்கு நடந்தே போகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சந்தோஷ்நகரில் காய் வாங்கித் திரும்பினார்கள். பையில் மூன்று கிலோ வெங்காயம். படிக்கட்டின் கீழே வந்ததும் கணவர் பழக்கத்தில் பையை வாங்கக் கை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு சாவியைத் தேடினார்.

அம்மாள் பையோடு எட்டுப் படியும் ஏறினார்.