பதினேழு பி

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘17(பி)’ என்று சொன்னால் மேல்விளக்கம் தேவையில்லை. குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் பெருந்தண்டனைக்கு வழிசெய்யும் உட்பிரிவு அது. சிறுதண்டனைக்கான 17(ஏ) வந்தவர் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். 17(பி) வந்தவர் வீட்டில் சொல்லலாமா, வேண்டாமா என்று யோசிப்பார். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அவர் பெயர் தள்ளி நிற்கும். பணியமைப்புப் பிரிவில் இந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளைத் தயாரித்தும், பின்னாளில் விசாரணை அலுவலராக அமர்ந்தும் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. ஒரு நடவடிக்கை நிற்குமா, விழுமா என்பது விசாரணை அறைக்குப் போகும் முன்பே, குற்றச்சாட்டு எழுதும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

விதி கேட்பது திட்டவட்டமான குற்றச்சாட்டு. இணைப்பு ஒன்றில் குற்றச்சாட்டு, இரண்டில் அதற்கான விவரம், மூன்றில் ஆவணங்கள், நான்கில் சாட்சிகள். நடைமுறையில் வருவதோ வேறு. புகார் வந்த சூட்டில், மேலதிகாரியின் கோபம் ஆறுமுன் எழுதப்பட்ட வரைவில், ‘கடமையில் அலட்சியமாகவும் பொறுப்பற்றும் நடந்து அரசுக்கு அவப்பெயர் உண்டாக்கினார்’ என்று இருக்கும். என்ன செய்தார், எந்தத் தேதியில், எந்தக் கோப்பில் என்று ஒன்றும் இருக்காது. இதற்குத் தனியர், அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஊழியர், என்னவென்று பதில் எழுதுவார்? ‘அலட்சியமாக இல்லை’ என்று எழுதலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது. அதையே, ‘பட்டா மாறுதல் மனு இன்ன தேதியில் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது, இன்ன தேதிவரை அவர் அறிக்கை அனுப்பவில்லை, இருமுறை நினைவூட்டப்பட்டும் பதில் இல்லை’ என்று எழுதினால் குறை கண்முன் நிற்கும். அந்த மாதத்தில் அவர் வெள்ள நிவாரணப் பணியில் இருந்திருந்தால் அதையும் அவரால் காட்ட முடியும். தெளிவாக எழுதிய குற்றச்சாட்டு தப்பு செய்தவரைப் பிடிக்கும், செய்யாதவரை விட்டுவிடும். மொட்டையாக எழுதியது இரண்டையும் செய்யாது.

அதனால் நான் கடைசியிலிருந்து எழுதுவேன். முதலில் ஆவணப் பட்டியல். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பக்க எண் போட்டு, இதைப் பற்றிச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஆளும் தாளும் இருந்தால் மட்டுமே அந்த வரி குற்றச்சாட்டுக்குள் போகும். கேள்விப்பட்டது, எல்லாருக்கும் தெரிந்தது என்று சொல்லப்படுவது, பழைய கெட்ட பெயர் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. பிரிவில் சிலருக்கு இது எரிச்சல் தரும். ‘இவ்வளவு பார்த்தால் யார்மீது சார், நடவடிக்கை எடுக்க முடியும்?’ என்பார்கள். பார்க்காமல் எடுத்தவை நீதிமன்றத்தில் என்ன ஆயின என்பதற்குக் கோப்புகளே சாட்சி.

தாமதமும் அப்படித்தான். 1990இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு முறைகேட்டுக்குத் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவருக்கு 2000இல் குறிப்பாணை தரப்பட்டது. தாமதத்துக்குத் தகுந்த விளக்கமில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பத்தாண்டு கழித்து ஒருவர் எந்தத் தாளைத் தேடுவார்? அன்று உடனிருந்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், சிலர் இறந்தும் போயிருப்பார்கள்.

விசாரணை அலுவலரின் இருக்கை கடினமானது. துறைத் தரப்பில் எடுத்துச் சொல்லத் தனி அலுவலர் இல்லாத விசாரணைகளில், அந்த வேலையையும் நாமே செய்துவிடத் தோன்றும். சாட்சி தடுமாறினால் எடுத்துக் கொடுக்கத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விசாரணை அலுவலர் துறையின் பிரதிநிதி அல்ல, தனியர் வராவிட்டாலும் துறை வைத்த சான்று குற்றச்சாட்டை மெய்ப்பிக்கப் போதுமா என்று பார்க்கக் கடமைப்பட்டவர் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் வரவில்லை, ஆகவே குற்றம் நிரூபணம் என்று இரண்டு வரியில் முடிக்கும் அறிக்கைகளை இன்றும் பார்க்கிறேன். அவை அறிக்கைகளே அல்ல.

தற்காலிகப் பணிநீக்கம் விதிப்படி தண்டனை அல்ல. ஊர்க்கண்ணுக்கு அதுதான் தண்டனை. சம்பளம் பாதியாகிப் பிழைப்பூதியம் என்ற பெயரில் வரும், கடன் தவணை பாதியாகாது. கோலார் தங்கவயலில் ஒரு பாதுகாப்பு அலுவலருக்குப் பிழைப்பூதியம் தராமலே, அவர் இல்லாமலே விசாரணை நடத்திப் பணியிலிருந்து அனுப்பினார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்த்தது. வழிச்செலவுக்குக் காசில்லாதவனை விசாரணைக்கு வா என்று அழைப்பதில் என்ன நியாயம்? மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராவிட்டால் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகாவது, ‘முதலில் சஸ்பெண்ட் செய், பிறகு காரணம் பார்ப்போம்’ என்ற பழக்கம் ஓய வேண்டும்.

இவ்வளவு சுற்று எதற்கு, தனியார் நிறுவனத்தில் இப்படியா என்று கேட்பவர்களுக்கு 2003 ஜூலையை நினைவூட்டுவேன். வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் குற்றச்சாட்டு இல்லாமல், விசாரணை இல்லாமல் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அவர்களுக்கு உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் பிறகு பணிக்குத் திரும்பினார்கள். அந்த வேலைநிறுத்தம் சரியா தவறா என்பது தனி வாதம். விசாரணையின்றிப் பணிநீக்கம் கூடாது என்று அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு தரும் காப்பு எவ்வளவு மெல்லியது என்பதை அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் உணர்ந்தார்கள். ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார். தவறான உத்தரவுக்குக் கையெழுத்துப் போட மறுக்கும் ஓர் எழுத்தருக்கு இந்தச் சுற்றுதான் துணை. ஆகவே இதைக் குறுக்குவழியாக்கச் சொல்லும் எவரோடும் நான் உடன்படுவதில்லை.

விசாரணை அறிக்கையின் நகலைத் தனியருக்குக் கொடுத்து, அவர் கருத்தைக் கேட்ட பிறகே இறுதி ஆணை. 1993இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்த முறை இது. அவர் எழுதிய ஒவ்வொரு வாதத்துக்கும் ஆணையில் பதில் இருக்க வேண்டும். ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்ற ஒற்றை வரி பதிலாகாது. தண்டனையின் அளவிலும் இதே கவனம் வேண்டும். ஓராண்டு ஊதிய உயர்வைத் திரண்ட பயனின்றி நிறுத்தினால், ஆண்டு முடிந்ததும் அது திரும்ப வரும். திரண்ட பயனுடன் நிறுத்தினால் அந்தப் படி போனது போனதுதான். மீதமுள்ள பணிக்காலம் முழுவதும் ஊதியம் குறையும், ஓய்வூதியமும் குறையும். முப்பது வயதுக்காரருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஆணையில் ஒரே வரிதான், இழப்பு ஒன்றல்ல. கையெழுத்துக்குக் கோப்பு வைக்குமுன் அந்த இழப்பைக் கணக்கிட்டு, தொகையைக் குறிப்புக் கோப்பில் எழுதுவேன். அதைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பி, கண்டனமே போதும் என்று எழுதிய அதிகாரிகளும் உண்டு.