தம்பியின் கட்டைவிரல்கள்



கணிப்பொறியில் சுடும் விளையாட்டு என்றாலே பெரியோர் முகம் சுளிப்பர். என் அம்மாவும் அப்படித்தான். ஆயினும் அதனின்று நான் கற்றது ஒன்றுண்டு.

இவ்வகை ஆட்டங்களைப் பலரும் விசைப்பலகையும் மவுஸும் கொண்டே ஆடுவர். என் தம்பிக்குப் பிறவியிலேயே வலது மணிக்கட்டு வலுவற்றது. மவுஸை நகர்த்தினால் வலிக்கும். ஆகவே கன்ட்ரோலரை மடியில் வைத்து, கட்டைவிரல்களால் ஆடுகிறான்.

மவுஸை எவ்வளவு நகர்த்துகிறோமோ, அதற்கேற்பவே குறியும் நகரும். கன்ட்ரோலரின் சிறு குச்சியோ அப்படியன்று. அதைச் சாய்க்கும் அளவு, குறி திரும்பும் வேகத்தையே தீர்மானிக்கிறது. உரிய இடத்தில் நிறுத்துவது விரலின் பொறுப்பு. இதை ஈடுசெய்யவே, எதிராளியை நெருங்கியதும் குறியின் வேகத்தைச் சற்றுத் தணிக்கும் உதவியைப் பல ஆட்டங்களில் அமைத்துள்ளனர்.

"இது உன் திறமையன்று, இயந்திரத்தின் திறமை!" என்று நண்பன் ஒருவன் கேலி செய்தான். தம்பி வாதாடவில்லை. "நீயே ஆடிப் பார்" என்று கன்ட்ரோலரை நீட்டினான். அந்த உதவி இருந்தும் நண்பனால் வேளைக்குத் திரும்பவே இயலவில்லை. பிறகு அவன் கேலி செய்யவில்லை.

கைகளை எளிதில் அசைக்க இயலாதோருக்கென்றே 2018-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இரு பெரிய பொத்தான்கள் கொண்ட கன்ட்ரோலரை வெளியிட்டது.

கண்ணாடி அணிந்து கரும்பலகையைப் படிக்கும் தோழியை ஏமாற்றுக்காரி என்போமா? உதவி பெறுவது இழுக்கன்று. அது உயர்த்திவிடும் ஏணி அன்று. சமமாய் நிற்க உதவும் படி. பிறரை எடைபோடுமுன் அவர் கைக்கருவியை ஒருமுறை நம் கையில் ஏந்திப் பார்ப்போமாக!