பதியாத வாக்கும் வாக்கே

ஓசூர் என்றதும் தொழிற்கூடங்களின் சங்கொலியே நினைவுக்கு வரும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தேநீர்க்கடையில் உறவாடும் எல்லை ஊர் அது. 2025-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி அங்கு நிகழ்ந்த பட்டிமன்றத்திற்கு நடுவர் பொறுப்பேற்றுச் சென்றிருந்தோம். ‘எல்லைப்புறத்தில் தமிழை வாழவைப்பது இல்லமா? தொழிற்கூடமா?’ என்பது தலைப்பு. தீர்ப்பை அவையோரே வழங்கட்டும் என்று கருதி, 140 வாக்குப் பொத்தான் கருவிகளை வாடகைக்கு வரவழைத்து, ஆளுக்கொன்றாக வழங்கியிருந்தனர். ஒன்றாம் பொத்தான் இல்லத்திற்கு. இரண்டாம் பொத்தான் தொழிற்கூடத்திற்கு.

வாதங்கள் முடிந்தன. அவையோர் பொத்தானை அழுத்தினர். திரையில் இல்லம் 51, தொழிற்கூடம் 45 எனத் தெரிந்தது. கைதட்டல் எழுந்தது. நாமும் தீர்ப்புரைக்க எழுந்துவிட்டோம். அப்பொழுதுதான் இரண்டையும் கூட்டிப் பார்த்தோம், 96! எஞ்சிய 44 பேரின் வாக்கு எங்கே? வேறுபாடோ வெறும் ஆறு.

கருவிகளை இயக்கிய இளைஞர், “இதையே அறிவித்துவிடலாம் சார், யாருக்கும் தெரியாது” என்று காதோடு சொன்னார். நேரமும் கடந்துகொண்டிருந்தது. ஒரு கணம் நாமும் தயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. அந்நேரம் பின்வரிசையிலிருந்து, பணிச்சீருடை அணிந்த அம்மையார் ஒருவர் எழுந்து, “நான்தான் சரியா அமுக்கலைங்களா சார்?” என்று வினவினார். கருவியின் பிழையைத் தம் பிழையாக எண்ணி அவர் நாணி நின்றது எம் நெஞ்சைச் சுட்டது.

அக்கணம் நாடாளுமன்ற நிகழ்ச்சியொன்று நினைவிற்கு வந்தது. 2008 சூலை 22 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது, மின்னணுப் பலகை முதலில் காட்டியது 253-க்கு 232. பதிவாகாதோரும் திருத்த வேண்டியோரும் அளித்த சீட்டுகளையும் எண்ணிய பின்னரே 275-க்கு 256 என்ற முடிவு வந்தது. நாடாளும் அவையே சீட்டை நாடியிருக்க, நமக்கு ஏன் நாணம்?

ஒலிவாங்கியில் உண்மையை உரைத்தோம்: “கருவி தவறியது; நீங்கள் தவறவில்லை. முதல் எண்ணிக்கையை நீக்கிவிடுகிறோம்.” மாணவர்கள் குறிப்பேட்டுத் தாள்களைக் கிழித்து அனைவருக்கும் வழங்கினர். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் மேடையேறி, அனைவரும் காண எண்ணினர். இல்லம் 66, தொழிற்கூடம் 74. தீர்ப்பே மாறிவிட்டது!

பிறகு காரணம் தேடினோம். வாக்குகளை வாங்கும் ஏற்பிக் கருவியை மேடையின் கீழ், பதாகைக்குப் பின்னால் வைத்திருந்தனர். நிறைந்த கூட்டத்தைக் கடந்துவரும் வானொலி அலை வலுவிழக்கும் அன்றோ? சில கருவிகளில் மின்கலமும் தீர்ந்திருந்தது. ஆயினும் எம்மைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. வேலைநேரம் முடிந்து தாமதமாக வந்த தொழிலாளர்களே பின்வரிசைகளில் அமர்ந்திருந்தனர். தொழிற்கூடத்தில் தமிழை வாழவைப்போர் அவர்கள். பழுது எல்லோரையும் ஒப்பத் தாக்கவில்லை; தொலைவில் இருந்தோரையே தாக்கியது.

இத்தகைய அவையை நடத்த விழையும் மாணவர்க்கு யாம் கூறுவன சில. ஏற்பியைத் தலைகளுக்கு மேலான உயரத்தில் வையுங்கள். ‘பொங்கல் உண்டீர்களா?’ என்பதுபோல் எளிய வினா ஒன்றை முதலில் கேட்டு, பதிவான மொத்தத்தை வந்தோர் தொகையோடு ஒப்பிடுங்கள். வென்றது யார் என்று காணுமுன், வராத வாக்கு எத்தனை என்று காணுங்கள். அது வேறுபாட்டினும் மிகுமாயின் அறிவிக்காதீர்கள். தாளும் எழுதுகோலும் எப்போதும் அருகிருக்கட்டும்.

விழா முடிந்து பேருந்தேறச் சென்றபோது அவ்வம்மையார் எதிர்ப்பட்டார். “என் சீட்டையும் எண்ணினீங்களா சார்?” என்றார். “எண்ணினோம் அம்மா” என்றோம். அன்று யாம் வழங்கிய தீர்ப்புகளுள் ஐயமின்றி வழங்கியது அதுவொன்றே.