ஏழு நிமிடக் காற்று

பக்கத்து வயல்காரத் தம்பி போன வாரம் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினார். “அண்ணே, ரெண்டு பேட்டரியும் சார்ஜரும் வாங்கினா, காத்து ஊதுற ப்ளோயர் சும்மா தர்றாங்களாம். 9,500 ரூபாதான். வாங்கலாமா?” என்றார். அவருக்குச் சொன்ன பதிலை நம் வாசகர்களுக்கும் எழுதுகிறேன். அந்தப் பதிலை நான் கற்றுக்கொண்டது ஒரு சாயங்கால மழையில்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் தெளிக்கும் உளுந்துதான் கோடைச் செலவுக்குக் கை கொடுக்கும். எனக்கு வலது தோளில் வலி. முறம் பிடித்துத் தூற்ற முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், தீபாவளி போனஸில் ஒரு ப்ளோயர் வாங்கி அனுப்பினான். மெஷின், இரண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். பேட்டரி மேல் பெரிதாக ‘48V’ என்று ஸ்டிக்கர். “அப்பா, இனிமே காத்துக்குக் காத்திருக்க வேணாம்” என்றான்.

போன பங்குனியில் உளுந்தை அடித்துக் களத்தில் குவித்திருந்தோம். மூன்று மூட்டை தேறும். மேற்கே கருக்கல் கட்டியது. ப்ளோயரைப் போட்டேன். நன்றாகத்தான் ஊதியது, ஆனால் குறுகின வாய் என்பதால் தூசியோடு மணியும் பறந்தது. தள்ளி நின்று பிடித்துப் பழகுவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஏழு நிமிடம். அடுத்ததும் அதே ஏழு நிமிடம். வீட்டுக்குப் போய் சார்ஜ் ஏற்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை அதுவரை பொறுக்கவில்லை. தார்ப்பாய் போட்டும் அடியில் தண்ணீர் ஏறி, நிறம் மங்கிய உளுந்தைக் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்துத்தான் எடுத்தார்கள். அன்றிரவு மகனிடம் போனில் கத்திவிட்டேன். “ஏமாளி” என்றுகூடச் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை.

மறுவாரம் ஸ்பிரேயர் ரிப்பேர் கடையில் அந்தப் பேட்டரியைக் காட்டினேன். முழுச் சார்ஜில் மீட்டர் வைத்தார். 21 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. பிறகு பிரித்தார். (நீங்கள் வீட்டில் பிரிக்காதீர்கள். லித்தியம் பேட்டரியில் முனைகள் உரசினால் தீப்பிடிக்கும்.) உள்ளே ஐந்து செல். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்துக்கு 18, முழுச் சார்ஜில் 21. 48 எங்கிருந்தும் வராது. செல் மேல் 1,500 எம்.ஏ.எச். என்றிருந்தது, அதாவது ஒன்றரை ஆம்பியர்-ஹவர்.

“வோல்ட்டை மட்டும் பார்க்காதீங்க. வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால பெருக்குங்க. அதுதான் தொட்டியில இருக்கிற தண்ணி” என்றார். 18ஐ ஒன்றரையால் பெருக்கினால் 27 வாட்-ஹவர். நம் பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர், பெருக்கினால் 96. அந்த மோட்டார் இரண்டு மூன்று ஆம்பியர்தான் இழுக்கும், அதனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. என் ப்ளோயரோ 230 வாட்டுக்குக் குறையாமல் குடிக்கிறது. 27ஐ 230ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் ஏழு நிமிடம். மெஷினில் பழுது எதுவும் இல்லை. அதற்கு வைத்திருந்த தீனி அவ்வளவுதான்.

இப்போது தம்பியின் சலுகைக்கு வருவோம். பேட்டரி 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர். ஒன்றுக்கு 72, இரண்டுக்கு 144 வாட்-ஹவர். என் ப்ளோயர் அளவுக்கு இழுத்தால் 37 நிமிடம் வரும். கடைக்குப் போன் போட்டுத் தனித்தனி விலை கேட்கச் சொன்னேன். பேட்டரி 3,400, சார்ஜர் 1,300, பேட்டரி இல்லாத வெறும் மெஷின் 2,600. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் 8,100தான் ஆகிறது. அப்படியானால் ‘சும்மா’ தரும் ப்ளோயருக்கு 1,400 ரூபாய் வாங்குகிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட 1,200 மிச்சம் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சம், எல்லாமே தேவைப்படுகிறவருக்கு மட்டும்தான்.

“உங்ககிட்ட இந்தக் கம்பெனி மெஷின் வேற ஏதும் இருக்கா?” என்று கேட்டேன். அவரிடம் இருக்கும் டிரில்லிங் மெஷின் வேறு கம்பெனி. பெரும்பாலும் ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. பொருந்துகிற ரம்பமோ செடி வெட்டும் மெஷினோ இருந்தால், அந்த இரண்டு பேட்டரி வருஷம் முழுக்க வேலை செய்யும். இல்லையென்றால் 9,500 ரூபாயும் இந்த ஒரு ப்ளோயருக்குத்தான். வருஷத்தில் எத்தனை நாள் அதை எடுப்போம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பேட்டரிக்கு எத்தனை மாத வாரண்டி, தனிப் பேட்டரி நம் டவுனில் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். என் பெட்டியின் பின்பக்கம், பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் உளுந்தை வாசலுக்கே கொண்டுவந்து, ஸ்டாண்டு ஃபேன் வைத்துத் தூற்றினோம். அகலமான, சீரான காற்று, மணி பறக்கவில்லை. மகன் வாங்கிய ப்ளோயரும் சும்மா இல்லை. களை எடுக்கும் மெஷினின் என்ஜின் தூசியை ஊதவும், தார்ப்பாயை உதறவும் ஏழு நிமிடம் தாராளம். மிச்சமிருக்கும் ஒரு பேட்டரியை வெயிலில் வைப்பதில்லை, சூடு ஆறிய பிறகே சார்ஜில் போடுகிறேன், மாதக்கணக்கில் காலியாக விடுவதுமில்லை.

கணக்கு புரிந்த அன்றே மகனுக்குப் போன் செய்து, அவனைச் சொன்னது தப்பு என்றேன். “உங்க தோள்வலிக்குன்னுதாம்ப்பா வாங்கினேன்” என்றான். போன மாதம் வேறொரு மெஷின் படத்தை அனுப்பியிருந்தான். கீழே அவனே எழுதியிருந்தான்: “18 பெருக்கல் 4, 72. பேட்டரி தனியா எவ்வளவுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்.”