பொம்மை நடந்து காட்டுது

களத்துமேட்டில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது இடுப்பில் ஆபரேஷன் ஆகி நாலு மாசம். வாக்கரை விட்டு இப்போ கைத்தடி. வலிக்கிற பக்கத்துக்குத் துணையா வலது கையிலேயே தடியைப் பிடிச்சா. நானும் அதுதான் சரின்னு இருந்தேன். இன்னொரு தரம் விழுந்துடக் கூடாதேங்கிற பயம் மட்டும் போகலை.

போன வாரம் மகள் வந்து என் போனில் ஒரு ஆப் ஏத்திக் கொடுத்தாள். அதில் ஒரு பொம்மை நடந்து காட்டுது. வலது கால் வலின்னா தடி இடது கையில். தடியும் வலிக்கிற காலும் ஒண்ணா முன்னே போகணும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடி, பிறகு வலிக்கிற கால். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு உயரத்தில் பிடி இருக்கணும். அம்மாவின் தடி நாலு விரற்கடை கூடுதல். அறுத்து, அடியில் புது ரப்பர் புஷ் மாட்டினேன்.

பொம்மை நடக்கிறது டைல்ஸ் தரை. எங்க வாசலில் சாணி, ஈரம், காலுக்குள் ஓடும் கோழி.

"அதை இங்க வந்து நடக்கச் சொல்லுடா" என்றாள் அம்மா.

நேற்று விடியக்காலம் தடியை இடது கைக்கு மாத்திக்கிட்டு, தொழுவம் வரைக்கும் தனியாப் போய் மாட்டைத் தடவிட்டு வந்தாள். திண்ணையில் போர்வையை விலக்காமல் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன்.