உடல் இழுக்காத எஞ்சின்

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே பென்னைன் மலைகளை வுட்ஹெட் சுரங்கத்தின் வழியே கடந்த இருப்புப்பாதையில், 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடிய ஈஎம்1 வகை மின் எஞ்சினை மாதிரியாகச் செய்ய முற்படும் கைவினைஞர், ரயிலை இழுப்பது எஞ்சினின் உடல்தான் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். ரயில் பொறியாளர் நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில் டான்காஸ்டரில் உருவான முன்னோடியிலும், 1950 முதல் 1953 வரை கோர்ட்டனில் கட்டப்பட்ட 57 எஞ்சின்களிலும், உடலுக்கு அடியில் தனியே திரும்பும் நான்கு சக்கரச் சட்டகங்களான போகிகள் இரண்டும் நடுவில் ஓர் இணைப்பால் பிணைக்கப்பட்டிருந்தன. மோதலைத் தாங்கும் பஃபர்களும் இணைப்புக் கொக்கிகளும் அந்தச் சட்டகங்களின் முனைகளிலேயே அமைந்தமையால், சுமையின் இழுவிசை ஒரு போகியிலிருந்து மற்றதற்கு நேராகச் சென்றது. மேலிருந்த உடல் மின்கருவிகளுக்கும் ஓட்டுநருக்கும் கூடாக மட்டுமே நின்றது.

பொம்மை ரயில்கள் கூரிய வளைவுகளில் திரும்புவதற்காகக் கொக்கியைப் போகியில் மாட்டுவது பழைய சமரசம் என்பதால், நுட்பம் நாடுவோர் அதை உடலின் முனைக்கு மாற்றுவதையே திருத்தமாகக் கருதுவது வழக்கம். ஈஎம்1-இல் அந்தத் திருத்தமே பிழையாகிவிடுகிறது; பொம்மைக்காரர் வசதிக்காகச் செய்தது இங்கே மெய்யான பொறியியலோடு ஒத்துப்போவது வியப்புக்குரியது. ஆயினும் ஒப்புமை பாதிதான், ஏனெனில் போகிகளைத் தம்முள் பிணைக்காத மாதிரியில் இழுவிசை சுழல்மையங்கள் வழியே மீண்டும் உடலுக்கே ஏறுகிறது. நடுவில் மோட்டாரை வைத்து இரு போகிகளுக்கும் தண்டுகளால் சுழற்சியைக் கடத்துபவர், அவற்றுக்குக் கீழே, பக்கவாட்டில் சற்றே அசையும் பித்தளை இணைப்பு ஒன்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டால், பஃபர்கள் உடலைவிட்டு விலகி வளைவோடு திரும்பும் அந்த எஞ்சினுக்கே உரிய அசைவு கிடைக்கிறது. பணத்தையும் பொறுமையையும் செலவிடத் தகுந்த இடம் அதுவே.

அளவுகள் எளியவை: ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவுத்திட்டத்தில், 50 அடி 4 அங்குல நீளம் ஏறத்தாழ 201 மில்லிமீட்டராகிறது. வழக்கமான 16.5 மில்லிமீட்டர் தண்டவாள அகலமோ மெய்யளவில் 4 அடி 1½ அங்குலமே ஆவதால், 4 அடி 8½ அங்குலப் பாதையில் நின்ற போகி மாதிரியில் ஒடுங்கித் தெரிகிறது. போகியே முகப்பாக உள்ள எஞ்சினில் இக்குறை பிறவற்றைவிடக் கூடுதலாகக் கண்ணை உறுத்துகிறது. மாதிரி ரயில் நிறுவனங்களான ட்ரிக்ஸும் பிற்காலத்தில் ஹெல்யானும் இவ்வெஞ்சினை மாதிரியாக விற்றுள்ளன.

கூரையிலுள்ள பாண்டோகிராஃப், அதாவது மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் பெறும் மடக்குச் சட்டம், அடுத்த சோதனை. அளவுக்கு ஏற்ற மெல்லிய கம்பி சிறு அழுத்தத்துக்கே வளைந்துவிடும் என்பதால், சுருள்வில்லை வலுவிழக்கச் செய்து, தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் பெறுவது மேல்.

வுட்ஹெட் பாதை 1981-இல் மூடப்பட்டது. எஞ்சியுள்ள 26020 என்ற எண்ணுடைய ஈஎம்1 எஞ்சினை யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் காண்பவர், எண்ணையும் வண்ணத்தையும் குறிப்பதற்கு முன் குனிந்து, பஃபர்களைத் தாங்கும் சட்டகத்துக்கும் உடலின் அடிவிளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும்.